சூரியனைக் காவல் காக்கும் குன்று

தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். நானும், எட்டாம் வகுப்பு வாசிக்கும் பன்னிரண்டு பிள்ளைகளும். எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி. ஆடியில் விதைத்த சோளம் முழங்கால் உயரம் எழும்பு முன்பே கருகிப்போன வருஷம் அது.

அடிவாரத்துப் புளியமரங்களும் மாந்தோப்புகளும் பின்தங்கின. வாழையும் ஆரஞ்சும் காப்பியும் வந்தன. கீழே வெகு தூரத்தில் வைகை அணையின் நீர் கைக்கண்ணாடி போல மின்னிற்று. வளைவுகள் தாங்காமல் இருவர் சங்கடப்பட்டனர்; எலுமிச்சம்பழம் கைகொடுத்தது. கோடைக்கானல் ஏரியின் உபரி நீரே வெள்ளி அருவியாக விழுகிறது என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. அவ்வளவு நீரை அவர்கள் கண்டதில்லை.

சூரிய ஆராய்ச்சி நிலையம் 7,600 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. சமவெளியின் புழுதி அங்கே எட்டுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானிலையத்தின் பணியே 1899-இல் இங்கு மாற்றப்பட்டது. மிச்சி ஸ்மித் முதல் தலைவர். மாற்றியதற்குக் காரணங்களில் ஒன்று பஞ்சம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். சோற்றைச் சிந்தும் குழந்தையை, “தாது வருஷத்தில் பிறந்திருந்தால் தெரியும்!” என்று எங்கள் வீட்டில் இன்றும் அதட்டுவதுண்டு. சூரியனில் நேரும் மாறுதலுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அக்காலத்து அறிஞர் கருதினர். தொடர்பு தெரிந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமல்லவா?

இருட்டறையில் சூரியபிம்பம் வெண்திரையில் விழுந்தது. அதில் கடுகளவாகத் தெரிந்த கரும்புள்ளிகளில் பூமியையே விழுங்கக் கூடியவை உண்டு. சுமார் 11 ஆண்டுக்கொரு முறை அவை பெருகிக் குறைகின்றன. அப்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று 1909-இல் கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். கண்ட இடம் இதே குன்று. உலக விஞ்ஞானப் புத்தகங்களில் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தந்தான்.

1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நீண்ட தொடர் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு.

பின்வரிசையில் நின்ற ஒரு பையன், “ஐயா, அப்படியானால் மழை எப்போது வருமென்று தெரிந்துவிட்டதா?” என்று கேட்டான். அவன் தகப்பனார்தான் அந்தச் சோளத்தை விதைத்தவர்.

விளக்கம் சொன்ன ஊழியர் மழுப்பவில்லை. “இல்லை, தம்பி. மழையைக் கடலும் காற்றும் சேர்ந்து நடத்துகின்றன. புள்ளிகளை மட்டும் எண்ணி அதைச் சொல்ல முடியாது” என்றார்.

பையன் தலையாட்டினான். “பிறகும் ஏன் தினம் படம் எடுக்கிறீர்கள்?”

“சூரியன் தினம் மாறுகிறதே! ஒருநாள் விட்டால் அந்த நாள் திரும்ப வராது.”

மாலையில் பஸ் கீழிறங்கியது. மற்றப் பிள்ளைகள் தூங்கிவிட்டனர். அவன் மட்டும் ஜன்னலோரம் அமர்ந்து, மேற்கே திரண்டிருந்த மேகம் எங்கள் ஊர்ப் பக்கம் நகருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான்.