திரும்பி வரத் தெரிந்தவர்கள்

“ஓடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கணக்கு கெடும்” என்றார் பயிற்சி தரும் கேப்டன். ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான மீட்பு நிலையம் ஒன்றில், ஆசன்சோலுக்குப் பக்கத்தில், அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். மீட்புப் பணி என்றால் பாய்ந்து உள்ளே போவது என்று நினைத்திருந்தவர்களுக்கு முதல் பாடமே ஏமாற்றம்தான். பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் சுரங்கத்தில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒருவர் சர்தார் எனப்படும் மேற்பார்வையாளர், ஒருவர் எலக்ட்ரீஷியன், இன்னொருவர் கூரைக்கு முட்டுக் கொடுப்பவர்.

முதுகில் மாட்டும் சுவாசக் கருவி ஏறக்குறைய 15 கிலோ. அதை முதலில் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டச் சொல்கிறார்கள். வெளியே விடும் மூச்சு வீணாகாமல் அதற்குள்ளேயே சுற்றி வருகிறது. சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய கலம் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் சேர்கிறது. சுண்ணாம்பு வேலை செய்யும்போது காற்று சூடாகும் என்பதால் உள்ளே ஐஸ் கட்டிக்கும் இடம் உண்டு. 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 400 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் செலவாகிறது. நான்கு மணி நேரம் வரும். கேப்டன் இதைக் கரும்பலகையில் எழுதி, வகுத்துக் காட்டி, பிறகு அழித்துவிட்டு ஒவ்வொருவரையும் மறுபடி போடவைத்தார்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத வாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தீயோ வெடிப்போ நடந்த சுரங்கத்தில் பலரைக் கொல்வது நெருப்பல்ல, பிறகு பரவும் இந்தக் காற்றுதான். ஒரு காலத்தில் மீட்புக் குழுவினர் கூண்டில் குருவி கொண்டுபோனார்கள். மேல்நாட்டில் கானரி, இங்கே முனியா, அதாவது நம் ஊர்ச் சில்லை. மனிதனுக்கு முன்னால் அது மயங்கி விழும். இப்போது இடுப்பில் தொங்கும் மின்னணுக் கருவி கீச்சிடுகிறது.

பயிற்சிக் கூடம் நிலத்துக்கு மேலேதான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே செயற்கைச் சுரங்கம்: புகை, வெக்கை, குனிந்தால் மட்டுமே போகக்கூடிய பாதைகள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஐந்து பேர் கொண்ட அணி, மணல் நிரப்பிய பொம்மை மனிதன் ஒன்றை மீட்டு வர வேண்டும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, ஒருவர் ஆக்சிஜன் கேஜை இன்னொருவர் படித்துச் சைகை காட்டினார்கள். அந்த இடங்களில் எனக்குத்தான் பொறுமை போனது. கடைசி வளைவில், பொம்மையின் கால் தெரிகிற தூரத்தில், அணித்தலைவர் திரும்பச் சொல்லிக் கை அசைத்தார். பருமனான இளைஞர் ஒருவருக்கு ஆக்சிஜன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. யாருடைய கேஜ் குறைவோ அவருடைய கணக்கில்தான் ஐவரும் நடக்க வேண்டும். வெளியே வந்து முகமூடியைக் கழற்றிய இளைஞர் யாரிடமும் பேசவில்லை. கேப்டன் அவர் தோளைத் தட்டி, “உள்ளே இரண்டாவது அணி போயிருக்கிறது, தண்ணி குடி” என்றார். அணிகளுக்கிடையிலான போட்டிகளிலும் விறுவிறுவென்று ஓடிப்போய் மீட்டவர்களுக்கு மதிப்பெண் வெட்டு விழும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மீட்கப் போனவரை மீட்க இன்னோர் அணி வேண்டியிருக்கும் அல்லவா?

இதே வட்டாரத்தின் மகாபீர் சுரங்கத்தில் 1989 நவம்பர் 13 அன்று வெள்ளம் புகுந்தபோது 71 பேர் உள்ளே சிக்கினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். மற்ற 65 பேர் தண்ணீர் எட்டாத ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தார்கள். ஆள் இறங்கும் அளவுக்கு மேலிருந்து துளையிட்டு, பட்டறையில் செய்த எஃகுக் கூண்டில் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே இறங்கினார். ஒவ்வொருவராக மேலேற்றி நவம்பர் 16 அன்று வேலையை முடித்தார். கில்லுக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. 2023இல் சினிமாவும் வந்தது. கூண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரைக்குமேல் சரியான புள்ளியில் துளையிட்டால்தானே அது கீழே அவர்கள் நிற்கும் பாதையில் போய் இறங்கும்? அந்தப் புள்ளியைக் குறித்த சர்வேயர்களைப் பற்றி நான் சந்தித்தவர்களில் கேப்டன் மட்டும்தான் பேசினார்.

தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று 375 பேர் இறந்தார்கள். அங்கே மீட்பதற்கு உயிரோடு யாருமில்லை. கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்ததுதான் காரணம். இந்த ஆபத்துக்காகத்தான் பழைய வேலைத்தளத்துக்கு 60 மீட்டருக்குள் வெட்டிப் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். முன்னால் சிறு துளையிட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பழைய வரைபடம் தப்பாக இருந்தால் இந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? இதற்காகவே கேப்டன் பயிற்சியில் வரைபட வகுப்பு ஒன்று வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருக்கும் அந்த வகுப்பில்தான் பையன்கள் அதிகம் தூங்குகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். நேரத்தை மாற்றித் தரும்படி மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம்.