கடைசிப் படகு போன பிறகு

தீவுப் பயணத்தில் வழிகாட்டியோடு செல்வதா, தம் போக்கில் அலைவதா என்று ஆராய்வோர், செலவையும் வசதியையும் எண்ணும் அளவுக்குக் கடலை எண்ணுவதில்லை. கரையூரில் ஒரு பேருந்தைத் தவறவிட்டவருக்கு அடுத்தது உண்டு. தீவிலோ பயணியின் பொழுதை அளந்து கொடுப்பது திரும்பும் படகு, அந்தப் படகையே நிறுத்திவிடக்கூடியது காற்று. காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டு மீனவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வூருக்குத் தெற்கேயுள்ள நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபர் 14 அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல், இடையில் நின்று 2024 ஆகஸ்ட் 16 முதல் மீண்டும் ஓடத் தொடங்கியபின், யாழ்ப்பாணத்துத் தீவகம், அதாவது குடாநாட்டை ஒட்டி மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் தீவுக் கூட்டம், காரைக்கால் வட்டாரத்தாருக்கு எட்டும் தொலைவுக்கு வந்திருக்கிறது. அவற்றுள் நெடுந்தீவுக்குச் செல்வோர் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழியே வந்து, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும்.

காலையில் போய் மாலைக்குள் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில் வழிகாட்டியின் திறமை பெரும்பாலும் வரிசைப்படுத்துவதிலேயே இருக்கிறது. இடிந்த கோட்டை, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரம் ஆகியவை இடம் பெயராதவை. தீவின் குதிரைகளோ ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்து, இன்று கட்டாக்காலிகளாக, அதாவது கட்டுவாரின்றித் திரியும் கால்நடைகளாக வாழ்பவை. வறட்சியில் தண்ணீரின்றி அவை மடிந்ததும் உண்டு. எந்தப் பருவத்தில் எந்த நீர்நிலையை அவை நாடும் என்பது தீவிலேயே வாழ்பவருக்குத்தான் தெரியுமாதலால், யாழ்ப்பாண நகரிலிருந்து உடன்வரும் வழிகாட்டியைவிட, இறங்குதுறையில் காத்திருக்கும் உள்ளூர் ஆட்டோ ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதே மேல்.

இன்னும் வலுவான காரணம் ஒன்றுண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதை எவரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்ற நிதானம் உறவினரையோ அயலாரையோ அதில் இழந்த ஊராரிடமே முழுமையாக இருக்கும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் உரையில் அது வாய்க்காது.

காரைக்கால் பயணிக்கு இங்கே மற்றொரு பாரமும் சேர்கிறது. 2025 ஜனவரி 28 அதிகாலையில், காரைக்காலிலிருந்து சென்ற படகொன்றில் இருந்த 13 மீனவர்களை நெடுந்தீவுக்கு அருகே பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை சுட்டதில் இருவர் படுகாயமும் மூவர் சிறுகாயமும் அடைந்தனர். ஆகவே, சுற்றுலா விளம்பரங்களில் குதிரைகளின் ஊராக விளங்கும் நெடுந்தீவு, கிளிஞ்சல்மேட்டுக் கரையில் அச்சத்தோடு உச்சரிக்கப்படும் பெயராகவும் இருக்கிறது. தீவுக்காரரோ இந்தியப் படகுகளின் இழுவைமடியால், அதாவது கடலடியை அரித்துச் செல்லும் வலையால், தம் வலைகள் அறுந்ததைச் சொல்வார். இரு தரப்பும் ஒரே மொழியில் இதைப் பேசிக்கொள்ளும் அரைமணி நேரத்துக்கு எந்தச் சுற்றுலா நிரலும் இடம் விடுவதில்லை என்பது இத்தொழிலின் பெருங்குறை.

ஆதலால், முதல் நாள் பகலை உள்ளூர்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்குள்ள சிறு விடுதியொன்றில் இரவு தங்கி, மறுநாளைத் தமக்கென வைத்துக்கொள்வதே தக்கது. சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள் ஒழுங்கை ஒழுங்கையாக நீள்வதை நடந்தே பார்க்க வேண்டும். பகல் பயணிகளை ஏற்றிய கடைசிப் படகு போன பிறகு, அந்த வேலிகளுக்குப் பின்னால் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும் ஓசையும் கிணற்று வாளியின் ஓசையும் கேட்கத் தொடங்கும்.