வுச்சிரியாவின் ஈரக்கற்கள்

சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவின் பழைய அங்காடிகளுள் ஒன்று வுச்சிரியா. இறைச்சிக் கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்த அப்பெயர், அவ்வூரார் பேச்சில் பேரிரைச்சலையும் குறிக்கலாயிற்று. வணிகர் பாடுவதுபோல் விலை கூவிய தெருவுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்!

மீன்மீது ஓயாது தெளித்த நீரால் அங்குள்ள தரைக்கற்கள் என்றும் ஈரமாகவே இருந்தன. ஆதலின், ஒருநாளும் நடவாத செயலை, ‘வுச்சிரியாவின் கற்கள் உலரும்போது நடக்கும்’ என்று கூறுதல் அம்மக்கள் வழக்கம். ரெனாத்தோ குத்தூசோ என்னும் ஓவியர் 1974இல் அவ்வங்காடியைப் பெரியதோர் ஓவியமாகத் தீட்டினார். தொங்கும் இறைச்சியும், வாள்மீனும், கனிக்குவியலும், அவற்றினிடையே நெருங்கி நடக்கும் மாந்தரும் அதில் உளர்.

அவ்வோவியத்தை எண்ணி இன்று காலைப்பொழுதில் அங்குச் செல்வோர் காண்பவை சில கடைகளே. வெயில் நாளில் குனிந்து கல்லைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டுவதில்லை. கூவல் கேட்க விரும்புவோர் பல்லாரோ அங்காடியை நோக்கி நடக்கின்றனர்.