எஃப்4-ஐ எப்போது தள்ளுவது?

ராமநாதபுரத்தில் என்னிடம் செஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு, வெள்ளைக் காய்களில் முதலில் சொல்லித்தரும் தொடக்கம் ஸ்டோன்வால்தான். டி4, இ3, சி3, எஃப்4 என்று நான்கு சிப்பாய்களின் மதில். பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்குத் தியரியை மனப்பாடம் பண்ண நேரமில்லை. இதில் காய்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

"மதில் கட்டியாச்சு சார், இனி?" என்பார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பம். டி4-உம் எஃப்4-உம் சேர்ந்து இ5 கட்டத்தைப் பிடித்திருக்கின்றன. குதிரையை அங்கே ஏற்றத்தான் இத்தனை ஏற்பாடு. எதிராளி அதை வெட்டினால் எஃப் சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும். எஃப்6-இல் நிற்கும் கறுப்புக் குதிரை ஓடும், நம் யானைக்கு வழி திறக்கும். வெட்டாமல் விட்டால் யானை எஃப்3 வழியாக எச்3-க்குப் போகும். டி3 பிஷப் ஏற்கெனவே எச்7-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு ...பி6 ஆடி ஏ6-இல் பிஷப்பை வைத்து அந்த பிஷப்பை மாற்றப் பார்க்கும். விடக்கூடாது, ராணியை இ2-இல் வையுங்கள். அந்த பிஷப் போய்விட்டால் மதில் வெறும் சுவர்.

இதற்கு விலையும் உண்டு. இ4-இல் வந்து உட்காரும் கறுப்புக் குதிரையை விரட்ட நம்மிடம் சிப்பாயே இல்லை. சி1 பிஷப்போ சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிக் கிடக்கும். டி2, இ1, எச்4 என்று சுற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இதைக் காட்டி ஸ்டோன்வாலைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இதே மதிலைக் கறுப்பில் கட்டித்தான் 2015-இல் பாடன்-பாடனில் நம் ஆனந்தை கார்ல்சன் வென்றார்.

பிள்ளைகள் எஃப்4-ஐ அவசரப்பட்டுத் தள்ளிவிடுகிறார்கள். டி4, இ3, பிஷப் டி3 வரை ஆடிவிட்டு எதிராளியைப் பார்க்கச் சொல்கிறேன். ...குதிரை சி6 என்றால் அடுத்து ...இ5 வரும், உடனே எஃப்4. ...ஜி6 என்றால் நம் பிஷப் கல்லில் முட்டும், மதிலை மறந்துவிட்டுக் குதிரை எஃப்3, பிறகு சி4. பிஷப்பை டி3-க்குக் கொண்டுவருவதற்கு முன்பே ...பிஷப் எஃப்5 வந்துவிட்டால் சி4, ராணி பி3. பி7 காவலின்றி நிற்கும்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு லண்டன் சிஸ்டம். அதில் இ3-க்கு முன்பே பிஷப் எஃப்4-க்கு வந்துவிடும். 2024 சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிராக ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரன் அதைத்தான் ஆடினார், டிரா. ஆனால் சி1-இல் அடைபட்ட பிஷப்போடு நாலு ஆட்டம் தோற்காத பிள்ளைக்கு, அதை முதலிலேயே வெளியே எடுப்பது ஏன் என்று நான் எவ்வளவு சொன்னாலும் ஏறுவதில்லை.