26 கிலோ பையும் அறுந்த காதும்!

மதுரை கீழமாசி வீதியில் நின்றுகொண்டு அஞ்சு கிலோ துவரம்பருப்பை வாங்கிப் பையில் போட்டேன். நாலு எட்டு வைத்திருப்பேன். 'பட்'! பையின் ஒரு காது கையோடு வந்துவிட்டது.

பை என்றால் சாதாரணப் பை இல்லை சார். அரிசி மூட்டைச் சாக்கில் அம்மா தைத்தது. முன்பக்கம் தோகை விரித்த மயில். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'பொன்னி புழுங்கல் அரிசி - 26 கிலோ'. அதென்ன 26 என்கிறீர்களா? 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத வரி போட்டார்கள். நம்ம மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? 26 கிலோவாகக் கட்டிவிட்டார்கள்!

2019 ஜனவரி 1-ல் கேரி பேக்குக்குத் தடை வந்ததிலிருந்து அம்மா இப்படித் தைக்கிறாள். "ஆபீஸ்ல கேட்டுப் பாரேன், ஒண்ணு அறுபது ரூபா" என்றாள் ஒருதரம். அடுத்த மாசம், "கேட்டேம்மா, யாரும் வேணாங்கறாங்க" என்றேன். உண்மையைச் சொல்லட்டுமா? நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. மயில் பையோடு ஏ.ஸி. ஆபீஸுக்குள் நுழைய வெட்கம்!

பருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. பல வருஷம் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் தையல்காரர்கள் மெஷின் மிதித்தார்கள். இப்போது பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு பெரியவர் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"26 கிலோ தாங்குன சாக்கு, அஞ்சு கிலோவுக்குப் போயிருச்சா? சாக்கு மேல தப்பில்ல தம்பி, காதுத் தையல்லதான் தப்பு."

"பிரிச்சிட்டுப் புதுசா தைங்கண்ணே."

"பிரிக்கக் கூடாது! துணின்னா தண்ணில நனைச்சா ஓட்டை மூடிக்கும். இது பிளாஸ்டிக். ஒரு தடவை ஊசி இறங்குனா ஓட்டை ஓட்டைதான். பாருங்க, இங்க நெருக்கி நெருக்கித் தச்சிருக்காங்க. தபால் தலை மாதிரி வரிசையாக் கிழிஞ்சிருச்சு."

18-ம் நம்பர் ஊசியை மாட்டினார். உள்பக்கம் ஒரு துண்டுச் சாக்கை மடித்து வைத்து, காதை அதன்மேல் சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டார். எல்லாம் அகலத் தையல். அறுந்த காதுக்கு மட்டுமில்லை, நல்லா இருந்த இன்னொன்றுக்கும்!

"ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சு நூல் பிரியாம அடிச்சிருக்காங்க. தெரிஞ்ச கைதான். யாரு தச்சது?"

"அம்மா."

"காதுக்கு மட்டும் இப்படிப் பண்ணச் சொல்லுங்க. வெயில்ல போட்டு வைக்க வேணாம், பொடிப்பொடியா உதிர்ந்துரும். இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக்கூடாது, உருகிரும். ஆமா, விக்கிறாங்களா?"

பதில் சொல்லாமல் முப்பது ரூபாயை நீட்டினேன்.

வீட்டில் அம்மா பருப்பைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தாள். பெருக்கல் குறி மேல் விரலை ஓட்டினாள். "நல்ல கைடா... யாரு?"

சொன்னேன். சொன்ன சூட்டிலேயே அதையும் சொல்லிவிட்டேன். "அம்மா, ஆபீஸ்ல நான் கேக்கவே இல்லம்மா."

"தெரியும்டா. நெசமாவே கேட்டிருந்தா, யாரு என்ன சொன்னாங்கன்னு ஒரு மணி நேரம் கதை அளந்திருப்பியே!"

அன்று ராத்திரி மெஷின் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திங்கட்கிழமை பத்துப் பையை ஆபீஸ் மேஜையில் வைத்தேன். முதலில் சிரித்தவர் எங்கள் மேனேஜர். முதலில் வாங்கியவரும் அவரே! மொத்தம் நாலு போனது. மீதி ஆறு டிராயரில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்கு நான் எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறீர்களா? மயில்தான் சார். எழுத்து வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி!