ஆலங்காட்டு வழியில் ஒரு பதில்

"எங்கள் ஏரிக்கரை ஆலமரத்தின் விழுதுகள் டிராக்டர் போக இடைஞ்சலாகத் தொங்குகின்றன. வெட்டிவிடலாமா?" என்று அரக்கோணம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும் முன் திருவாலங்காடு வரை போய்வந்தேன்.

அரக்கோணத்தில் சென்னை மின்சார ரயில் ஏறினால் புளியமங்கலம், மோசூர், அடுத்து திருவாலங்காடு. கோயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். நடராசரின் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. இறைவன் பெயர் வடாரண்யேஸ்வரர். வடம் என்றால் ஆல். ஆரண்யம் என்றால் காடு. காரைக்கால் அம்மையார் பதிகத்தில் கள்ளி, காரை, சூரை, எட்டி, இலவம் எல்லாம் வருகின்றன. இன்று அந்தக் காடு ஊர்ப்பெயரில்தான் மிச்சம். அதனால்தான் ஏரிக்கரையில் நிற்கும் ஒற்றை ஆலும் பெரிது.

இதே கேள்விக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் "வெட்டுங்கள்" என்று சொன்னவன் நான். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது, தாங்க விழுதில்லாத அந்தப் பெருங்கிளை அடியோடு பிளந்து விழுந்தது. தப்பு என்னுடையது.

விழுது வெறும் தொங்கல் அல்ல. கிளைக்கு முட்டு, மரத்துக்கு மறுபிறவி. கொல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரவியல் தோட்டத்து ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சாணம் பிடித்து, 1925-ல் அதன் அடிமரத்தையே அகற்றினார்கள். விழுதுகளின் பலத்தில் இன்றும் அது தழைத்து நிற்கிறது.

ஆகவே, வாசகரே, வெட்டாதீர்கள். பாதையில் தொங்கும் இளம் விழுதுகளைக் கயிறு கட்டி ஓரமாக இழுத்துவிடுங்கள். மூங்கிலை இரண்டாகப் பிளந்து, கணுக்களைக் குடைந்து, செம்மண்ணும் மக்கிய தொழுஉரமும் நிரப்பி, விழுதின் நுனியை உள்ளே வைத்துக் கட்டுங்கள். மூங்கிலின் அடி நிலத்துக் குழியில் இருக்கட்டும். ஈரம் காயாமல் தண்ணீர் விட்டால் விழுது மண்ணைப் பிடித்துத் தூணாகும். அதுவரை ஆடுமாடு கடிக்காமல் முள் வேலி கட்டுங்கள். மரத்தடியைச் சுற்றி சிமெண்ட் மேடை போடாதீர்கள்; வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும்.

ஏரிக்கரை மரம் ஊர்ச்சொத்து. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த மழைக்காலத்திலேயே தொடங்குங்கள். டிராக்டருக்கு வழி கிடைக்கும். பேரப்பிள்ளைகளுக்கு நிழலும் கிடைக்கும்.