உளி பட்ட கல்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள புஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றோம். ஜெராய் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது சண்டி புக்கிட் பத்து பகாட். மலாயில் ‘பத்து’ என்றால் கல். ‘பகாட்’ என்றால் உளி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சிவாலயத்தின் கருங்கல் அடித்தளம் அது. 1960-இல் அலஸ்டேர் லாம்ப் என்ற ஆய்வாளர் அதைச் சீரமைத்தார்.

நான் இராஜேந்திர சோழன் 1025-இல் கடாரம் வென்ற கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கல்லைத் தடவியபடி கேட்டான்: “டீச்சர், ராஜா பேரு தெரியுது. இதைக் கொத்தினவங்க பேரு எங்க எழுதியிருக்கு?”

என்னிடம் பதில் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. எகிப்தின் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாடியானஸ் என்றொரு கல்லுடைக்கும் மலை. ரோமானியர் அங்கே பெருந்தூண்களை வெட்டி, நைல் நதிவரை இழுத்துச் சென்று, கப்பலேற்றி ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள பாந்தியன் கோயிலின் முன்மண்டபத்தில் அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அடிமைகளும் கைதிகளும் வெட்டிய கல் என்றே பலரும் நம்பியிருந்தனர். 1987 முதல் 1993 வரை அங்கே அகழ்ந்தபோது, எழுத்துள்ள பானை ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. யாருக்கு எவ்வளவு தண்ணீர், யார் நோயில் படுத்தார், யாருக்கு என்ன கூலி என்று பேர் பேராக எழுதியிருந்தது! கைதேர்ந்த கல்தச்சனுக்கு மாதம் 47 திராக்மா, அதோடு கோதுமை. கூலி வாங்கிய மனிதர்கள் அவர்கள்!

படித்தபோதே என் அம்மாவின் நினைவு வந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். எங்கள் தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். அதில் அம்மாவின் இருபது வருடம் எரிகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பாட்டி தாத்தாவின் பெயர், தோட்டம், செய்த வேலை – கேட்டு எழுதி வர வேண்டும். “என் பேரை எழுதி என்னடா ஆகப்போவுது?” என்றாராம் ஒரு பாட்டி. பிறகு தம் வரிசை லயத்துக்காரர் அத்தனை பேரையும் வீடு வீடாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்.

அந்த நோட்டு இப்போது பள்ளி அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் அம்மாவின் பெயரை நானே எழுதினேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.